கப்பலூர் பேருந்தில் ஏறிய நூற்று எழுபத்தாறு

1982 ஜூலை. குடியரசுத் தலைவர் தேர்தல் நேரம். கப்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்; தனியாகப் போன முதல் பயணமும் அதுதான். வேலை கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

விளாங்குடியிலிருந்து நகருக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கப்பலூர் வழியாகப் போகும் திருமங்கலம் பேருந்து. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம்.

பழங்காநத்தம் தாண்டியதும் தக்காளிக் கூடையோடு இருந்த ஒரு அம்மா நடத்துனரிடம் கேட்டார்:

"ஏண்ணே, இந்தத் தேர்தலுக்கு நமக்கு ஓட்டு இல்லையாமே?"

"இல்லத்தா. எம்.பி., எம்.எல்.ஏ.தான் போடுவாக. நம்ம எம்.எல்.ஏ. ஓட்டு ஒண்ணுக்கு நூத்தி எழுபத்தாறு மதிப்பு."

"நூத்துக்கு எப்படிண்ணே நூத்தி எழுபத்தாறு?"

பேருந்தே சிரித்தது.

"மார்க் இல்லத்தா. சனத்தொகைக் கணக்கு. உ.பி.யில இருநூத்தி எட்டு."

"ரெண்டு பிள்ளையோட நிறுத்துன்னு பஸ் முதுகுல செவப்பு முக்கோணம் வரையிறீக. நிறுத்துனவுகளுக்கு மதிப்பக் கொறைப்பீகளா? நல்ல நியாயம்ணே."

நடத்துனர் விசில் ஊதினார். எனக்குப் பதில் தெரியும். முன்பெல்லாம் ஒவ்வொரு புதுக் கணக்கெடுப்புக்கும் மதிப்பு மாறியது. பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலங்களுக்கு மதிப்புக் குறையக் கூடாதென்று, 1976இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1971 கணக்கோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் தயங்கிக்கொண்டே இருந்ததில் கப்பலூர் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

நேர்காணலில் பள்ளிச் செயலரும் நம் எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு என்ன என்றே கேட்டார். நூற்று எழுபத்தாறு என்றேன்.

"அது பழசும்மா. போன வருசம் கணக்கெடுத்தாச்சு. கூடியிருக்கும்ல?"

வேறொரு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"கூடாது சார். எழுபத்தொண்ணு கணக்குத்தான். ரெண்டோட நிறுத்துனவுகளுக்கு மதிப்பக் கொறைக்கலாமா சார்?"

தக்காளி அம்மாவின் பேச்சு அப்படியே வந்துவிட்டது. செயலருக்குப் பக்கத்தில் இருந்த தலைமையாசிரியைதான் முதலில் சிரித்தார்.

"யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"பஸ்ல ஒரு அம்மா கேட்டாங்க டீச்சர். அவங்ககிட்ட பதில் சொல்ல முடியல."

ஆவணியில் பள்ளிக்குத்தான் போனேன்.

கப்பலூர் போகிறவர்கள் நின்று நின்று போகும் பேருந்திலேயே ஏறுங்கள். விரைவுப் பேருந்து அங்கே நிற்காமல் போய்விடலாம். பக்கத்தில் யாராவது ஏதாவது கேட்டு, உங்களுக்குப் பதில் தெரிந்தால், இறங்குமுன் சொல்லிவிடுங்கள். 2022 தேர்தலிலும் அதே நூற்று எழுபத்தாறுதான். அந்த அம்மாவைத்தான் பிறகு பார்க்கவே இல்லை.