இலவச டொக்டரிடம் எவ்வளவு வருத்தம் சொல்லலாம்?

மருத்துவ மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் நாளே மனேஜர் சொல்லிவிட்டார்: நோயாளி சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. குறைக்கிற வேலையை எங்கள் சனமே செய்துவிடும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

லண்டனில், இல்ஃபோர்டில் ஒரு சேர்ஜரி, அதாவது குடும்ப டொக்டரின் கிளினிக். சிவலிங்கம் அண்ணை சலரோகக்காரர், சர்க்கரை வியாதி. முப்பது வருஷம் இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றவர். வெயிற்றிங் ரூமில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கால்விரல் கறுக்குது, பிள்ளை. ரெண்டு கிழமையா நித்திரை இல்லை."

உள்ளே போனதும் ஆள் மாறிவிட்டார். கோட்டை இழுத்துவிட்டு, மினுக்கின சப்பாத்தைச் சேர்த்து வைத்து நிமிர்ந்து இருந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"சின்னக் காயம், டொக்டர். பரவாயில்லை."

அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டரம்மாவும் நிம்மதியாக, நேர்ஸிடம் காட்ட அடுத்த மாதத்தில் நாள் தேடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டொக்டரிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"ஏன் அண்ணை விரலை மறைக்கிறியள்? கொழும்பில பிரைவேட்டில காட்டினா இப்பிடியோ இருப்பியள்?"

"அங்க காசு குடுத்தெல்லோ பாக்கிறது. உச்சியிலயிருந்து உள்ளங்கால் மட்டும் சொல்லலாம். இவ பாவம், ஓசியில பாக்கிறா. கனக்கக் கரைச்சல் குடுக்க ஏலுமே?"

அங்கே காசைக் காட்டினால் கியூ நகரும். இங்கே வருத்தத்தை, நோயை, காட்டினால்தான் நகரும். அண்ணை மரியாதையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார், காலைப் பணயம் வைத்து.

"ஆர் சொன்னது ஓசியெண்டு? முப்பது வருஷமா உங்கட சம்பளத்தில டாக்ஸ் வெட்டினவங்கள். அதுக்குள்ள இவவின்ர ஃபீஸும் இருக்கு."

"அப்ப நான் முதலே கட்டிப்போட்டனோ?"

"ஓம்."

உடனே சப்பாத்தைக் கழற்றினார். டொக்டரம்மாவின் முகம் வெளிறியது. அந்த இடத்திலேயே ஹொஸ்பிற்றலுக்குப் போன் எடுத்தார். அவர் பேசி முடிக்கும்வரை அண்ணைக்குப் பொறுமை இல்லை.

"முழங்காலையும் சொல்லு, பிள்ளை. காதும் இரையுது. முதுகை மறந்துபோடாதை."

ஒரு விரல் போனது. கால் தப்பியது. அந்த விரலை நினைத்தால் எனக்கு இன்றும் கவலைதான்.

எந்த நாட்டில் யார் மருத்துவத்துக்குப் பணம் கட்டுகிறார்கள் என்று படித்தவர்கள் ஒப்பிட்டு எழுதுகிறார்கள். கட்டினவருக்கே அது தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஓய்வு பெறும்வரை வெயிற்றிங் ரூமிலேயே எங்கள் சனத்திடம் சொல்லி வந்தேன்: "ஃபீஸ் எல்லாம் கட்டியாச்சு. உள்ள போய் வடிவா முனகுங்கோ."