இரவல் சோபாவும் வானத்துக் கூண்டும்

தெருவில் அவளுக்குப் பெயர் ‘விசாரணை’. கவுன்டர் என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டுவிடுவாள்: “பொம்பளைங்க தொழில் பழகப் பணம் ஏதாவது தர்றீங்களா?” வங்கியில் கேட்டாள், நூலகத்தில் கேட்டாள். தபால் நிலையத்தில் அவள் தலை தெரிந்தாலே ‘உணவு இடைவேளை’ பலகையை வைத்துவிடுவார்கள், அப்போதுதான் கதவைத் திறந்திருந்தாலும் சரி.

வேலை இரும்புக் கிடங்கில். கிரேனின் கொக்கியில் சரக்கை மாட்டிவிட்டு, மேலே கூண்டில் இருப்பவருக்குக் கையால் சாடை காட்ட வேண்டும். அந்தக் கிரேனின் உச்சியில் மேகங்கள் இடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுதான் போகும். அண்ணாந்து பார்த்துப் பார்த்தே மருமகளின் கழுத்து ஒரு சாண் நீண்டுவிட்டது என்று மாமியார் சத்தியம் செய்வாள். அந்தக் கூண்டில் தானே உட்கார வேண்டும் என்பதுதான் விசாரணையின் ஆசை. கிரேன் பயிற்சிக்கான கட்டணத்தைக் கேட்டபோதோ தலை சுற்றியது.

கடைசியில் வழி பிறந்த இடம் பல் டாக்டரின் நாற்காலி. வாயில் பஞ்சோடு அவள் ஏதோ குழற, டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு, “என்னம்மா?” என்றார். சொன்னாள்.

“அட, எங்க அக்கா நடத்தற அறக்கட்டளையே அதுக்குத்தான்! எழுதிப் போடுங்க. கஷ்டப்படற குடும்பமான்னு வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க.”

வீட்டில் வந்து சொன்னாள். மாமியார் காதில் விழுந்தது ‘வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க’ மட்டும்தான்.

அந்த நாளும் வந்தது. கிடங்கிலிருந்து அரைநாள் விடுப்பில் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒற்றை அறைக்குள் எதிர்வீட்டு சோபா, மாடிவீட்டு ஃப்ரிட்ஜ்!

“என்ன அத்தை இது?”

“பெரிய மனுஷி வர்றாங்கடி. பாயிலயா உட்கார வைப்பே?”

“இல்லாதவங்களான்னு பார்க்கத்தான் அத்தை வர்றாங்க!”

மாமியார் வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் அக்கா உள்ளே வந்துவிட்டார். சோபாவில் அமிழ்ந்து, சுற்றிலும் பார்த்தார்.

“எங்க வீட்டு ஃப்ரிட்ஜே இதுல பாதிதாம்மா. வேற யாருக்காவது கொடுத்தா நல்லதில்லையா?”

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரர் தன் மச்சானோடு எட்டிப் பார்த்தார்.

“பெரியம்மா, ஃப்ரிட்ஜோட வேலை ஆச்சா? உள்ளே பால் கெட்டுடும்.”

இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு போக, மாமியாரின் முகம் சுண்டிப்போனது. “எல்லாம் இரவல்மா. எங்க பொண்ணை நீங்க இளப்பமா நினைச்சிடக் கூடாதேன்னு… புத்தி கெட்டுப்போச்சு.”

“பொய்யில ஆரம்பிச்சா நான் எப்படிம்மா…” என்று எழுந்தார் அக்கா.

வெளியே “ஐயோ!” என்று அலறல். மாடிப்படித் திருப்பத்தில் ஃப்ரிட்ஜ் சிக்கிக்கொண்டிருந்தது. சுவருக்கும் அதற்கும் நடுவில் மச்சான் காகிதமாகிக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. படியில் ஓடி ஏறிக் கையை உயர்த்தினாள். வாய் பேசவில்லை. ஒரு விரல் சுழன்றது, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் எழும்பியது. உள்ளங்கை விரிந்தது, அப்படியே நின்றது. சுண்டுவிரல் அசைய, ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்ந்தது. சாடை என்றால் என்னவென்றே தெரியாத இரண்டு ஆண்களும் சாவி கொடுத்த பொம்மைகளாக நகர்ந்தார்கள். மச்சான் விடுபட்டார். சுவரில் சுண்ணாம்பு உதிரவில்லை. உள்ளே பாலின் ஆடைகூடக் கலையவில்லையாம்.

கீழே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்ற அக்காவுக்கு மூச்சு வந்தது. “இதெல்லாம் எங்கேம்மா படிச்சே?”

“படிக்கலை மேடம். கீழே நின்னு பார்த்ததுதான். படிக்கத்தான் உங்களைக் கேக்கறேன்.”

அக்கா சோபாவுக்குத் திரும்பவில்லை. “பாயை விரிங்கம்மா” என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

பயிற்சி முடிந்து அவள் கூண்டில் ஏறிய நாள் முதல், மாமியார்தான் கிடங்கு வாசலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். ஒருநாள் யானை கனத்தில் ஒரு இரும்பு உத்தரம் ஆகாயத்திலிருந்து இறங்கியது. தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் மண்ணைத் தொட்டது. தூசி எழவில்லை.

“மேலே யாருன்னு தெரியுமா?” என்றாள் மாமியார் காவலாளியிடம்.

“தெரியும் பெரியம்மா. தினம் சொல்றீங்களே.”

அது அவள் காதில் ஏறவில்லை. நெற்றியில் கை வைத்து, வாய் பிளந்து, அண்ணாந்து நின்றாள். இப்போது அவள் கழுத்தும் ஒரு சாண் நீண்டிருக்கிறது.