ஜான் பாஷா பெயர் எழுதிய கப்பல்

12.3.2023 – பழைய ஓவியம், ரூ.1,800
2.4.2023 – பெயின்ட், ரூ.140
10.4.2023 – புகைப்படம், தபால், ரூ.1,260

ஜான் பாஷா நாமக்கல்லில் முப்பது வருடம் லாரிகளுக்குப் பெயர் எழுதியவர். கடலைப் பார்த்ததில்லை. ஏற்காட்டு ஏலத்தில் எடுத்த ஓவியத்தில் இருப்பது, தம் தாத்தா ஹஜ்ஜுக்குப் போன கப்பல்தான் என்று நிரூபித்துவிட ஆசைப்பட்டார். பழைய படங்களில் உள்ள கப்பல்களை இன்னதென்று சொல்லும் லண்டன் நிபுணர் ஒருவருக்குப் புகைப்படம் அனுப்புவதற்கு முன்னால், எஃப்.சி. தகுதிச் சோதனைக்குப் போகும் லாரியைப்போல அதைப் பளிச்சென்று ஆக்கினார். கப்பலின் மங்கிய பெயர்மேலும் தூரிகை ஓடியது.

“ஏனுங்க பாய், பழைய எழுத்தைக் குறிச்சு வெச்சீங்களா?” என்றேன், அவருடைய வரவுசெலவுக் கணக்கை எழுதும் நான்.

“படிக்க முடியாததைக் குறிச்சு என்னங்க பண்றது? தாத்தா சொன்ன பேரையே எழுதிட்டேன்.”

நிபுணர் கடைசியாக எழுதினார்: ‘ஓவியம் பழையது, பெயர் புதியது. அடியில் இருந்த பெயர் தெரியாமல் கப்பல் இன்னதென்று சொல்ல இயலாது.’

கடிதம் வந்தது 17.6.2023, சனிக்கிழமை.