ஞானாம்பாளுக்கு ஒரு சைக்கிள்

அரிசி முடிந்து கோதுமைக்கு மாறும்போது ஞானாம்பாள் முதலில் ஒரு கைப்பிடி கோதுமையை மட்டும் மெஷினில் போட்டு ஓடவிடுவாள். கலப்பாக விழுகிற அந்த மாவை வழித்துத் தனியே வைத்த பிறகுதான் வந்தவரின் தூக்குவாளியை அடியில் வைப்பாள். ஒதுக்கிய மாவு, மில்லின் பின்பக்கம் மேயும் கோழிகளுக்கு. மிளகாய்க்கு எப்போதும் மாலைதான், அதுவும் கடைசியாக. அவசரம் என்று காலையில் மிளகாய் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறாள். "இப்ப இதப் போட்டா ஊருல எல்லார் வூட்டு இடியாப்பமும் காரமாயிரும். வச்சிட்டுப் போங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டாள்.

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது அந்த மாவு மில். ஐம்பத்தைந்து வயது ஞானாம்பாள், துண்டை மூக்குக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்பாள். மாலையில் வெளியே வரும்போது புருவமும் இமைமயிரும் வெளுத்திருக்கும். அதை அவள் தட்டிவிடுவதில்லை. "நாளைக்கும் ஒட்டத்தான போவுது."

மெஷின் ஓடும்போது யாராவது ஊர்க்கதை பேச வந்தால் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரிப்பாள். உண்மையில் கேட்கவே வேண்டியதில்லை, உதட்டைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். ஒருநாள் கரண்ட் இல்லாத நேரத்தில் மில் முதலாளி தமிழரசன், இந்தச் சத்தத்தில் எப்படித்தான் நாள் முழுக்க நிற்கிறீர்கள் என்று கேட்டார். "இந்தச் சத்தத்துலதான் தம்பி எனக்கு ஓய்வு. இங்கதான் என்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றாள்.

வீட்டில் கேள்விகள் உண்டு. மகன் சூர்யபிரகாஷ் சிங்கப்பூரிலிருந்து போனில் முகம் காட்டும்போதெல்லாம், "இன்னுமா மில்லுக்குப் போற? வேலைய வுட்டுரும்மா" என்பான். கணவர் தியாகேசன் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டபின் டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான். அவள் உள்ளே நுழைந்ததும், "சோறு இருக்கா?" என்பார். சோறு இருக்கும். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்பார்.

குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மில்லுக்கு வர அவளிடம் இருந்தது மகள் பிரகதீஸ்வரியின் சைக்கிள். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. மகள் படித்து முடித்து, கல்யாணமாகித் தஞ்சாவூருக்குப் போய்விட்டாள்; சைக்கிள் அம்மாவிடம் தங்கிவிட்டது. சீட்டு கிழிந்து மஞ்சள் பை சுற்றியிருந்தது. பெல் இல்லை, தேவையும் இல்லை. செயின் கவர் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கே ஆடுகள் ஒதுங்கும். பிரேமின் அடிக்குழாயில் பற்றவைத்து, ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒருநாள் ஆற்றுப்பாலத்து இறக்கத்தில் இரண்டாக விட்டுக்கொண்டது. சைக்கிள் கடை அப்துல் ஜலீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே பத்த வைக்க இதுல இரும்பு இல்லக்கா. துருதான் இருக்கு."

ஊருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. ஞானாம்பாள் அந்தச் சைக்கிளில் உட்கார்ந்து வெகுநாளாயிற்று. வலது முழங்கால் மடங்குவதில்லை. காலையில் வாசலில் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்திக்கொண்டு தெருமுனை வரை போவாள். பார்ப்பவர்கள், அடுத்த நொடி ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்துக்கொள்வார்கள். முனை திரும்பியதும் இறங்கிவிடுவாள். அப்புறம் மில் வரைக்கும் நடைதான். ஹேண்டிலைப் பிடித்து, பாதி பாரத்தை அதன்மேல் சாய்த்து, வரப்பில் மாடு ஓட்டிப்போகிற மாதிரி மெதுவாக. வழியில் பார்த்தவர்கள் கேட்டால், அறுப்புக் காலமாக இருந்தால் பதில் தயார். "ரோட்ல நெல்லு காயுது. அதுமேல எப்புடி ஏத்தறது?" மற்ற காலங்களில் காற்று இறங்கிவிட்டது என்பாள். இப்படி நடக்கவேண்டியிருந்ததால்தான் வீட்டிலிருந்து விடியும்போதே கிளம்பினாள். மில்லைத் திறந்து கூட்டிவைக்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லியிருந்தாள்.

சைக்கிள் உடைந்த செய்தி கேட்டதும் மகன் ஜலீல் கடைக்கே போன் செய்து, அம்மாவுக்கு பேட்டரி வண்டி எடுத்துக்கொடுக்கச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தியாகேசன் சட்டை மாற்றிக்கொண்டு, தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. மினி பஸ்ஸில் போனார்கள்.

ஜலீல் பேட்டரி வண்டியைத் துடைத்து முன்னால் நிறுத்தியிருந்தார். ஞானாம்பாள் ஏறிப் பார்க்கவில்லை. ஸ்டாண்டை எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். நகரவே யோசித்தது.

"சார்ஜ் தீந்துட்டா என்ன பாய் பண்றது?"

"தள்ளிக்கிட்டுத்தாங்க்கா போவணும்."

"அப்ப வேணாம். நானே தள்ளுறதுக்கு இது எதுக்கு?"

அடுத்தது கியர் வைத்த சைக்கிள். ஹேண்டில் தாழ்ந்திருந்தது, பிடித்தால் முதுகு வளைந்தது. அதையும் விட்டாள். மூலையில் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று நின்றது, கருநீலம். அதன் இடதுபக்கம் போய் நின்று இரண்டு கையையும் ஹேண்டிலில் வைத்து அழுத்தினாள். அசையவில்லை. கடையின் கோடிவரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பினாள். திரும்பும்போது பெடல் கணுக்காலுக்குமேல் எலும்பில் இடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உருட்டிப் பாத்தா என்னக்கா தெரியும்? ஓட்டிப் பாருங்க" என்றார் ஜலீல்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வா. தெனம் ஓட்டுறவதானே" என்றார் தியாகேசன்.

அவள் சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுபோனாள். இடது காலைப் பெடலில் வைத்து உந்தினாள். மறுபடி உந்தினாள். கடைத்தெருவுக்கு முனை கிடையாது, நேராகக் கிடந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை வரை உந்தியபின், வேறு வழியில்லாமல் வலது காலைத் தூக்கப் பார்த்தாள். அது பாதியிலேயே நின்றது. சைக்கிள் ஒருபக்கம் சாய, கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். போன தூரத்தைவிட வந்த தூரம் அதிகமாகத் தெரிந்தது.

தியாகேசன் அவள் காலைப் பார்த்தார். "ஏன், ஏறல?"

"ரோட்ல நெல்லு..." என்று வாய்ப்பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். கடைத்தெருவில் ஒரு மணி நெல் கிடையாது. அவளே நிறுத்திக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?"

"போன தாளடி அறுப்புலேர்ந்து."

"தெனமும் நடந்தேவா போற?"

"இதப் புடிச்சுக்கிட்டு நடந்தா வலி அவ்வளவா தெரியாது. சும்மா நடக்கத்தான் முடியல."

"அதுக்குக் கம்பு வச்சிக்க வேண்டியதுதானே. சைக்கிள் எதுக்கு?"

ஞானாம்பாள் ஸ்டாண்டைப் போட்டுச் சைக்கிளை நிறுத்தினாள். களைப்பாக இருந்தது, நடந்த களைப்பு மட்டுமல்ல. இத்தனை நாள் வாசலில் ஒரு வேஷம், வழியில் ஒரு வேஷம் என்று ஆடிய களைப்பு.

"கம்பு ஊனிக்கிட்டுப் போனா கெழவிம்பாங்க. சைக்கிளோட போனா வேலைக்குப் போறவம்பாங்க."

ஜலீல் காதில் விழாதவர் மாதிரி ஒரு டியூபை எடுத்துக் காற்றடிக்கப் போய்விட்டார். தியாகேசன் வாயைத் திறந்தார். 'வே' என்று ஆரம்பிக்கப் போகும் அந்த உதட்டை அவள் பார்த்தாள். வேலையை விடு என்பதுதான் வரும். அவர் மூடிக்கொண்டார். சைக்கிளைச் சுற்றி வந்தார். கேரியரை ஆட்டிப் பார்த்தார். ஹேண்டிலில் தன் கையையும் வைத்து அமுக்கிப் பார்த்தார். நாற்றங்காலில் மண்ணின் பதம் பார்ப்பவர் போல நிதானமாகச் செய்தார். டிவிக்கு முன்னால் இல்லாத நிதானம் அது.

"ஜலீலு, இந்த ஹேண்டில இன்னுங்கொஞ்சம் ஒசத்த முடியுமா?"

"முடியும்ண்ணே."

"ஒசத்திடு. இதுலயும் இவளுக்குக் கொஞ்சம் முதுகு வளையுது."

ஜலீல் ஸ்பேனரை எடுத்துவந்து உயர்த்தி முறுக்கினார். "இப்பப் பாருங்கக்கா." அவள் பிடித்துப் பார்த்தாள். முழங்கை சரியான இடத்தில் மடங்கியது. தலையாட்டினாள்.

"பையன் கேப்பானே. என்ன சொல்றது?" என்றார் தியாகேசன்.

"சைக்கிள் வாங்கியாச்சுன்னு சொல்லுங்க."

"காலு?"

"அத நானே சொல்லிக்கிறேன். நீங்க முந்திக்காதீங்க."

ஜலீல் பூட்டு மாட்டினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார், சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை உரிக்கப் போனார். "அது இருக்கட்டும்" என்றாள் ஞானாம்பாள். பிறகு, சாதாரணமாக, மில்லில் அரிசியை நைசாக அரைப்பதா ரவையாக அரைப்பதா என்று கேட்கும் குரலில் சொன்னாள்.

"இந்தப் பக்கத்துப் பெடல மட்டும் கழட்டிருங்க பாய். நடக்குறப்ப காலுல இடிக்குது."

ஜலீல் அவளைப் பார்த்தார். பிறகு தியாகேசனைப் பார்த்தார். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டிட்டா ஏறவே முடியாதுக்கா."

"தெரியும் பாய்."

புதுப் பெடல், இறுக்கமாக இருந்தது. ஜலீல் குந்தி உட்கார்ந்து ஸ்பேனர் போட்டுத் திருகி எடுத்தார். அவர் நீட்டியதை ஞானாம்பாள் வாங்கி, மசகை முந்தானையில் துடைத்து, கணவர் கையில் வைத்தாள். பிறகு சைக்கிளின் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் விட்டாள்.