நெற்றிக்குழி

கீழ்க்கட்டளை ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் என் கார் கதவில் நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்து, "சொட்டை வுழுந்துகீது மேடம், எடுத்துடலாம்" என்றார். என் கை தானாக நெற்றிக்குப் போனது.

பல்லாவரத்தில் ஐந்தாவது படிக்கும்போது சொட்டை என்பதுதான் என் பட்டப்பெயர். ஸ்டெல்லா அக்காவின் சைக்கிள் கேரியரிலிருந்து விழுந்து, நெற்றி எலுமிச்சம்பழம் போலப் புடைத்தது. வீக்கம் வடிந்தபின் ஒரு சின்னப் பள்ளம் தங்கிவிட்டது. வகுப்பே "சொட்டை" என்று கூப்பிட, இனி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன்.

மறுநாள் அக்காவே என்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் வகுப்புக்குள் வந்தாள். அவள் அப்போது ஏழாவது படித்தாள்.

"கன்னத்துல விழுந்தா குழி, அழகுன்னு சொல்றீங்க. நெத்தியில விழுந்தா மட்டும் சொட்டையா? இது நெத்திக்குழி." என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "நான் வேகமா ஓட்டினதாலதான் இவ கீழ விழுந்தா. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

முன்பெஞ்சு பாத்திமா எழுந்து வந்து பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "ஆமா, குழிதான்" என்றாள். அத்தோடு அந்தப் பெயர் போயிற்று.

மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு போன் செய்து இதைச் சொன்னேன்.

"அப்படியா பேசினேன்? எனக்கு ஞாபகமே இல்லடி" என்றாள்.

"எனக்கு இருக்குக்கா" என்றேன்.