காசை அவனுக்கே கொடு

"அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷம் கேரண்டியாம்! எந்தப் பயலுக்கு?" என்று வெண்டெல் ஓரோஸ் கத்தியபோது அவருடைய தலை எங்கள் வீட்டு உலைக்குள் இருந்தது. டொலீடோவில் ஜனவரிக் கடைசியில் வீட்டைச் சூடாக்கும் உலை நின்றுபோனால் வீடு ஐஸ் பெட்டிதான். அதனால் பேஸ்மென்ட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு அவர் யாரைத் திட்டினாலும் நாங்கள் கேட்டுக்கொள்வோம். கேட்காமல் இருக்கவும் வழியில்லை. சூடான காற்றுக்குப் போட்ட தகரக் குழாய் எல்லா அறைகளுக்கும் போகிறது. கீழே அவர் விடும் வசவு சமையலறை, படுக்கையறை, குளியலறை என்று சுவரோரத் துவாரங்கள் வழியாகக் கணீரென்று வெளியே வரும். மாடியிலிருந்து என் மனைவி, "யாருக்கு அஞ்சு வருஷம்? ஜெயிலா?" என்று கேட்டாள். "ஜெயில் நமக்குத்தாம்மா. அவனுக்குச் சம்பளம்!" என்று குழாய் பதில் சொன்னது.

'அவன்' என்பது ரீஸ் ஹால்டன். எங்கள் ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியான நாரைகளின் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, ஓடுகிறவர்களில் யாருக்கு எறிவது என்று கண் சிமிட்டும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டியவன். ஹால்டனுக்கு அந்த நேரம் போதாது. நின்று நிதானமாக யோசிப்பான். எதிரணித் தடியர்கள் நாலு பேர் மேலே வந்து விழுந்த பிறகு, மண்ணோடு மண்ணாகப் படுத்தபடி முடிவுக்கு வருவான். இந்தச் சீசனில் அவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

வெண்டெலுக்கு அறுபதை நெருங்கும் வயது. குட்டை, கட்டை, கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. உலைகளின் நெருப்பு எட்டிப் பார்த்ததில் இடது புருவம் பாதிதான் மிச்சம். வேலைக்கு வந்த வீட்டில் காபி கொடுத்தால் வேண்டாம் என்பார். அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "ஞாயித்துக்கெழம ஆட்டம் பாத்தீங்களா?" பார்த்தோம் என்றால் பிழைத்தோம். பார்க்கவில்லை என்று சொன்னவர் வீட்டில் உலையைவிட ஆட்டத்துக்குத்தான் நேரமாகும். கழற்றிய திருகாணிகளைத் தரையில் பரப்பி, எவன் எங்கே நின்றான், எவன் எந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும், ஹால்டன் என்ன கிழித்தான் என்று நகர்த்திக் காட்டுவார். அப்படி ஒரு முறை வலது கோடியில் ஓடவிட்ட எங்கள் வீட்டுத் திருகாணி இன்றுவரை திரும்பி வரவில்லை.

"நான் ஒரு உலைய சரி பண்ணா ஒரு குளிர்காலம் கேரண்டி தம்பி. நடுவுல நின்னுபோச்சுன்னா ராத்திரியானாலும் வந்து சும்மா பாத்துக் குடுப்பேன். அவன் ஒரு குளிர்காலம் பூரா நின்னுபோய்க் கெடந்தான். அவனை எவனாவது கேட்டானா? இன்னிக்குத் துரத்தி விட்டாலும் மிச்சக் காசு அணியோட கணக்குல குந்திக்கிட்டு இருக்கும். செத்த காசு! வேற ஒருத்தன வாங்கலாம்னா கையைக் கட்டிப் போட்டுடும். வீட்ட விட்டுப் போனவனுக்கும் சேத்து அடுப்பெரிக்கிற கதை!"

ஹால்டனின் ஒப்பந்தம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த வருடம் எவ்வளவு, எதற்கு ஊக்கத்தொகை, எந்தத் தேதிக்குள் கழற்றிவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று விரல்விட்டுச் சொல்வார். உங்கள் வேன் கடனுக்கு வட்டி என்ன என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன். "அதெல்லாம் நடீன் பாத்துப்பா" என்றார். நடீன் அதையெல்லாம் பார்த்துக்கொள்வதை நிறுத்திப் பல வருடமாகிறது. விவாகரத்தில் நாய் நடீனோடு போயிற்று, வேன் வெண்டெலோடு வந்தது, வீடு விலை போயிற்று. இரண்டு தரப்பு வக்கீல்களும் மண்டையை உடைத்துக்கொண்டது மைதானத்தில் அவர்களுக்கு இருந்த இரண்டு இருக்கைகளுக்காகத்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகள். இவரும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் ஆளுக்கொன்று என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து சீசன் ஞாயிறுகளில், பிரிந்துபோன தம்பதி தோளோடு தோள் உரச உட்கார்ந்து நாரைகள் தோற்பதைப் பார்க்கிறார்கள். நான் அவர்களுக்கு நேர் பின்வரிசை. ஆட்டம் சோபிக்காத நாளிலும் எனக்குப் பொழுது போய்விடும்.

நடீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அறுபது பிள்ளைகளைத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரே பார்வையில் அடக்குகிறவருக்கு வெண்டெல் எம்மாத்திரம்? ஆட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் வெண்டெல் அடுப்பு மூட்டி சாசேஜ் சுடுவார். ஒன்றைத் தட்டில் வைத்து என்னிடம் தந்து, "இத அவகிட்ட குடு. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத" என்பார். நடீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் பச்சை. அந்த மனுசன் சுட்டதுதானே?" என்பார். ஆனால் தட்டு காலியாகத்தான் திரும்பும்.

ஹால்டன் கதைக்கு வருகிறேன். இதற்கு முந்தின சீசனில் அவன் மாற்று ஆட்டக்காரன். ஓரத்தில் தொப்பி போட்டு நின்று தண்ணீர் குடிப்பதுதான் வேலை. அப்போது பந்தெறிந்தவன் பென்ரோஸ் என்று ஒருவன். எங்கள் ஊரில் ஒரு வியாதி உண்டு. ஆடுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் உதவாக்கரை. ஓரத்தில் நிற்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் அவதாரம். நிற்கிறவன் ஒரு பந்தையும் தவறவிட்டதில்லை அல்லவா? அந்த வியாதி முற்றிய ஆள் வெண்டெல். "ஹால்டன எறக்கு! ஹால்டன எறக்கு!" என்று அவர்தான் எடுத்துக்கொடுப்பார், எங்கள் பகுதி முழுதும் பின்பாட்டுப் பாடும். பென்ரோஸுக்கு முழங்கால் போயிற்று. ஹால்டன் இறங்கினான். காற்று பலமாக அடித்த நாலு வாரங்களில், எறிந்ததெல்லாம் யார் கையிலாவது போய் விழுந்து, நாலு ஆட்டம் ஜெயித்துவிட்டான்.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு வெண்டெல் ஒரு படுக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். உலைக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்டில் கொட்டை எழுத்து: காசை அவனுக்கே கொடு! அதன் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். நடீன் எழுத்தைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். "ஏன்யா, பூப்போட்ட இந்த விரிப்பு என்னுதாச்சே? இது எப்ப உன் பங்குல போச்சு?" வெண்டெலுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. டிவிக்காரர்கள் அந்த விரிப்பைக் காட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது, பாதிப் புருவத்தோடு. ஊரே கத்துகிறது என்று அணியின் முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது. குளிர் விடுவதற்குள் ஹால்டன் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். வெண்டெல் அன்று வண்டி நிறுத்துமிடத்தில் சொந்தக் காசில் ஊருக்கெல்லாம் சாசேஜ் சுட்டார். பொம்மை வேண்டும் பொம்மை வேண்டும் என்று கடைவாசலில் புரண்டு அழுத பிள்ளை, அது கைக்கு வந்த மறுநாள் தூக்கி எறியுமே, எங்கள் ஊர் அந்த ஜாதி.

அதன் பிறகுதான் இந்தச் சீசன். நல்ல காற்று நின்றுபோனதும் ஹால்டனின் சாயமும் வெளுத்துவிட்டது. டிசம்பர் மாதக் கடைசி ஆட்டத்தில், புள்ளி எடுக்கும் டச்டவுன் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து பந்தை எதிரணிக்காரன் நெஞ்சில் குறிபார்த்து எறிந்தான். வெண்டெல் எழுந்து நின்றார்.

"எந்த முட்டாள் இவனுக்குக் காசு குடுக்கச் சொன்னது?"

 நடீன், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "என் படுக்கை விரிப்பக் கேட்டுப் பாரு, சொல்லும்" என்றார்.

பின்னால் இருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெண்டெலின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. "போதும்! இதோட போதும்! இந்தச் சீட்ட நான் விடறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. வர்ற சனிக்கெழம நாடா கட்டறேன்."

"கட்டேன்" என்றார் நடீன். "எவனாவது வாய மூடிக்கிட்டு ஆட்டம் பாக்கற ஆளா வருவான். நானும் நிம்மதியா இருப்பேன்." சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மிச்ச ஆட்டம் முழுவதும் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

நாடா விஷயம் இதுதான். சீசன் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மைதானத்தைத் திறந்து விடுவார்கள். இருக்கையை விடுகிறவர்கள் வாசலில் மஞ்சள் நாடா வாங்கித் தங்கள் கையாலேயே அதில் கட்ட வேண்டும். கட்டிய நிமிடம் அது ஊருக்குப் பொது. காத்திருப்பவர்கள் மஞ்சள் கண்ட இடத்தில் உட்கார்ந்து பார்த்து, பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் மனசு மாறினால் காத்திருப்போர் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். வாலில் நின்றவன் உயிரோடு தலைக்கு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வெண்டெல் நடீனைப் பார்க்கும் இடம் உலகத்திலேயே அந்த இருக்கை ஒன்றுதான். எங்கள் வரிசைக்கே அது தெரியும். அவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும்தான்.

பனியால் இரண்டு வாரம் தள்ளிப்போன அந்தச் சனிக்கிழமைக்கு, "சாட்சிக்கு வா தம்பி" என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். வாசலில் நாடா கொடுக்கும் பெண், "விடறீங்களா, வேற எடம் மாத்திக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"விடறேன். காரணம் ஹால்டன்னு எழுதிக்க."

"காரணம் எழுத இதுல எடமில்லீங்க."

"எடமில்லையா? ஊர்ல பாதிப் பேருக்கு அதானே காரணம்!"

"தெரியும் சார். காலையிலேருந்து எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்று சொல்லி நாடாவை நீட்டினாள். "வெயில் படற பக்கம் ஒண்ணு காலியாகுது. ஏரிக்காத்து அடிக்காது. பாக்கறீங்களா?"

போய்ப் பார்த்தோம். நல்ல இடம்தான். வெண்டெல் உட்கார்ந்தார், இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். "இங்க உக்காந்தா மேகம்தான் தெரியும். எவன் வருவான் இங்க?" என்று எழுந்துவிட்டார். மைதானம் பளிச்சென்று முழுதாகத் தெரிந்தது. 

அவருடைய வரிசைக்கு வந்தபோது இருக்கைகளில் பனி அங்குலக்கணக்கில் உறைந்து கிடந்தது. வெண்டெல் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அதற்குள் ஒருவர் வந்து, கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரன் நிற்பது போல, அவர் பின்னால் நின்றுகொண்டார். அவரும் அறுபது வயதுக்காரர். நல்ல உயரம், மழுமழுவென்று சவரம் செய்த முகம், வாசனை வேறு. போட்டிருந்தது ஹால்டன் பெயர் போட்ட சட்டை.

"கட்டப் போறீங்களா சார்?"

"கட்டத்தான் வந்திருக்கேன்."

"கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ உக்காந்து பாத்துக்கட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் பனியைத் தட்டிவிட்டு வெண்டெலின் இருக்கையில் சவுகரியமாகச் சாய்ந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில், நடீனுடையதில், வைத்தார். "பிரமாதமா தெரியுதே! ஹால்டன் இன்னும் நாலு வருஷத்துல எல்லாருக்கும் காட்டுவான் பாருங்க. பக்கத்துல யாரு வர்றாங்க?"

"ஒரு அம்மா. பேரு நடீன்." வெண்டெல் குரலைத் தாழ்த்தினார். "சொல்லிட்டேன், பின்னாடி வருத்தப்படாதீங்க. வாய்னா வாய், அப்படி ஒரு வாய். எது சொன்னாலும் எதிர்ப்பேச்சு. மானத்த வாங்கிடுவா."

"அட, எனக்கு அப்படித்தான் வேணும்!" என்றார் அவர். "என் வீட்டுக்காரி காலமானதுலேருந்து வீடு ஒரே அமைதி. திட்டறதுக்குக்கூட நாதியில்ல. கூட யாராச்சும் வருவாங்களா, தனியாத்தான் வர்றாங்களா?"

 வெண்டெலின் பாதிப் புருவம் ஏறி இறங்கியது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"எழுந்திரிங்க."

"என்னது?"

"எழுந்திரிங்கன்னேன். இது காலியில்ல."

"கையில நாடாவ வெச்சுக்கிட்டு நிக்கறீங்களே?"

"இது ஹால்டன் கழுத்துல கட்ட வாங்கினது. போங்கய்யா!"

வந்தவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, இந்த ஊரில் எல்லோருக்கும் பைத்தியம் என்று முணுமுணுத்தபடி படியேறிப் போனார். "அப்படின்னா இன்னும் நாலு வருஷம் ஹால்டன்தானா?" என்று கேட்டேன். "அவன் கெடக்கான் தறுதலை" என்றார் வெண்டெல். கழுத்துத் துணியை அவிழ்த்துக் குனிந்தார். தொப்பி வைத்த இடத்தில் பனி உருகி நடீனின் இருக்கை ஈரமாகியிருந்தது. மிச்சப் பனியையும் தட்டி, மூலை முடுக்கு விடாமல் துடைத்துக் காயவைத்தார். பிறகு தன்னுடையதில் மிச்சமிருந்த பனி மேல் அப்படியே உட்கார்ந்தார்.