ஆளுக்கு ஒரு ஆழாக்கு

அரிசி டிரம்முக்குள் ஆழாக்கு உரசுகிறது. என் நான்கு வயது மகள் விளையாட்டாக அளந்து சட்டியில் போடுகிறாள். "இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது எனக்கு."

நான் வளர்ந்த குஜிலியம்பாறை வீட்டில் எனக்கும் எண்ணிக்கை இப்படித்தான் வந்தது. சாயங்காலம் அம்மா அரிசி களைகிற சட்டியை என் முன்னால் வைப்பாள். ஆளுக்கு ஒரு ஆழாக்கு. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு என்று பேர் சொல்லித்தான் போட வேண்டும். கடைசி ஆழாக்கு தம்பி சேவியருக்கு. அதைப் போடும்போது அவனும் என் கையைப் பிடித்துக்கொள்வான். "எத்தனடி?" என்பாள் அம்மா. "நாலு" என்று இருவரும் கத்துவோம்.

மழையில்லாத ஒரு கோடையில் தம்பி வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோனான். சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் வீட்டில் மறுபடி உலை வைத்தார்கள். நான் மூன்றோடு நிறுத்தி, "மூணும்மா" என்றேன். சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

"எண்ணத் தெரியாதா ஒனக்கு?" என்ற அம்மா, ஆழாக்கைப் பிடுங்கி நாலாவதையும் போட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் தினமும் ஒரு ஆள் சோறு மிஞ்சியது. காலையில் அம்மாதான் அதைத் தின்றாள்.

"மூணும்மா. சரியா?" என்கிறாள் மகள்.

நானும் ஒருமுறை பேர் சொல்லி எண்ணிப் பார்த்த பிறகுதான் சரி என்கிறேன்.